இலை வாடினால் முதலில் மண்ணைத் தொடுங்கள்

எனக்குத் தொழில் தையல். துணியில் கத்தரிக்கோல் வைப்பதற்கு முன் அளவு நாடாவை இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பது 30 வருடப் பழக்கம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த 12க்கு 15 அடி நிலத்தில் முதன்முதலாகக் காய்கறி போட்டபோது எதையும் அளக்கவில்லை. ஒரே நாளில் 22 நாற்று நட்டேன், தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் நெருக்கமாக. இலை மஞ்சளானது, உரம் போட்டேன். வாடியது, தண்ணீர் ஊற்றினேன். இன்னும் வாடியது, இன்னும் ஊற்றினேன். ஆறு வாரத்துக்குள் 19 செடி போய்விட்டது.

செத்துப்போன ஒரு தக்காளியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வேர் ஒரு சாண் வரை நேராக இறங்கி, அதற்கு மேல் போக வழியில்லாமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. பழுப்பு நிறம், புளித்த வாடை, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டேன், ணங்கென்று சத்தம். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் காரையும் ஒரு சாண் ஆழத்தில் தளம் போட்டதுபோல் கிடந்தன. நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் அதன்மேல் தேங்கி நின்றிருக்கிறது. செடிகள் வாடியது தாகத்தால் அல்ல, மூச்சு முட்டி.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. மேலே எதைச் செய்வதற்கு முன்னும் கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்பது. இது ஒன்பதாவது வருடம். அளவு எழுதும் நோட்டின் பின்பக்கங்களில் தோட்டத்துக் கணக்கை எழுதி வருகிறேன். அதிலிருந்துதான் இதைச் சொல்கிறேன்.

வெயிலுக்கும் ஓர் அளவு உண்டு

வேலை இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இடத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு கல் வையுங்கள். காலை 7 மணியிலிருந்து மாலை 5 மணி வரை, மணிக்கு ஒரு தடவை எந்தக் கல்மேல் வெயில், எதன்மேல் நிழல் என்று குறியுங்கள். அவ்வளவுதான். என் நிலத்தில் ஒரு மூலைக்கு 8 மணி நேர வெயில் கிடைத்தது, சுவர் ஓரத்துக்கு மூன்றரை மணிதான். கண்ணால் பார்த்தபோது இரண்டும் வெளிச்சமாகவே தெரிந்தன.

பூத்துக் காய்க்கிற எதற்கும், தக்காளியோ வெண்டையோ பூசணியோ, நேரடி வெயில் 6 மணி நேரமாவது வேண்டும், 8 இருந்தால் நல்லது. கிழங்கும் வேரும் 5 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். கீரை வகைகளுக்கு மூன்று நான்கு மணி போதும். ஆகவே சுவர் ஓரத்தைக் கீரைக்கு விட்டுவிட்டேன். சூரியன் போகிற பாதை பருவத்துக்குப் பருவம் நகரும் என்பதால் மூன்று நான்கு மாதம் கழித்து இந்தக் கணக்கை மறுபடி எடுங்கள். பந்தல் போடும்போதும் உயரமான செடி வைக்கும்போதும் அதன் நிழல் குட்டைச் செடிமேல் விழாத பக்கமாகப் பாருங்கள்.

மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

செடி வாங்குவதற்கு முன், விதை வாங்குவதற்கு முன், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். ஒரே ஒரு குழி போதும். மண் எந்த ஆழம் வரை கறுப்பாக, உதிரியாக இருக்கிறது, எங்கே இறுகுகிறது, மண்புழு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குழி நிறையத் தண்ணீர் விட்டு வடிய விடுங்கள். வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்பி, அளவு நாடாவைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். மணிக்கு 1 முதல் 3 அங்குலம் இறங்கினால் நல்ல வடிகால். எனக்கு அரை அங்குலம்கூட இறங்கவில்லை. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் அந்த 19 செடியும் பிழைத்திருக்கும்.

மண் என்ன வகை என்று தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி ஆடாமல் வையுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். அதற்கப்புறமும் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்துப் படிவது களி. களி அதிகமாக இருந்தால் தண்ணீர் இறங்காது, மணல் அதிகமாக இருந்தால் தங்காது. களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கொட்டிச் சரிசெய்யலாம் என்று பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். களியும் மணலும் சேர்ந்து காய்ந்தால் காரை மாதிரி கெட்டியாகிவிடும். இரண்டு வகை மண்ணுக்கும் மருந்து ஒன்றுதான், நன்றாக மக்கிய உரம். களியை அது உதிர்த்துவிடும், மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

நிலத்தின் ஒரு பாதியிலிருந்து இரும்புச் சட்டியில் 60 சட்டி இடிபாடு அள்ளினேன். மறுபாதியில் என்னால் முடியவில்லை. அங்கே மரப்பலகை கட்டி ஒன்றேகால் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட்டேன். உண்மையைச் சொன்னால் இன்றைக்கு அந்தப் பாதியில்தான் விளைச்சல் அதிகம். பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேல் போக வேண்டாம். இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும். ஒரு பக்கம் சுவர் என்றால் 2 அடியோடு நிறுத்துங்கள். பாத்திக்குள் காலை வைக்கவே கூடாது. ஒரு தடவை மிதித்தாலும் அந்த இடம் இறுகிப்போகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நடைபாதையில் பழைய சாக்கை விரித்து வையுங்கள், எங்கே நடக்கலாம் என்று அவர்களுக்கே புரியும்.

அப்புறம், காரை கலந்த மண்ணில் இன்னொரு தொல்லை உண்டு. சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்து அதில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. மண் புளிப்பா காரமா என்று சொல்கிற எண்தான் பி.எச்., காய்கறிகள் விரும்பும் அளவு 6க்கும் 7க்கும் நடுவில். அதைத் தாண்டிப் போனால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பழைய வீட்டின் சுவர் ஓரத்தில் உதிர்ந்த பெயிண்ட் கலந்த மண் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அங்கே கீரையோ கிழங்கோ போடாதீர்கள். வேறு மண் நிரப்பிய தொட்டி வையுங்கள்.

உரம் என்றால் மக்கியதாக இருக்க வேண்டும். பச்சைச் சாணமும் பாதி மக்கிய குப்பையும் மண்ணுக்குள் சூடாகி வேரைச் சுட்டுவிடும். உரக் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ மூக்கைத் துளைக்கிற நெடி வந்தாலோ இன்னும் ஆகவில்லை. மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் ஆயிற்று. நடவுக்கு இரண்டு வாரம் முன்பு பாத்தியின்மேல் 2 அங்குலம் பரப்பி, மேல் சாண் மண்ணோடு கலந்துவிடுங்கள்.

நீங்களே தயாரித்தால் காய்ந்த சருகு இரண்டு மூன்று கூடைக்குச் சமையலறைக் கழிவோ பச்சைப் புல்லோ ஒரு கூடை. ஈரம் எவ்வளவு என்று கேட்டால், நனைத்துப் பிழிந்து வைத்த துணி மாதிரி, அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். நாற்றம் வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, சருகு சேர்த்துக் கிளறுங்கள். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் கைக்கு வரும்.

விதையும் நாற்றும்

முதல் வருடம் ஐந்து வகைக்கு மேல் வேண்டாம். கீரை, முள்ளங்கி, வெண்டை, பீன்ஸ், மிளகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிமேல் ஆசை இருந்தால் இரண்டே செடி. முள்ளங்கி ஒரு மாதத்தில் வந்துவிடும் என்பதால் மண் சரியாக இருக்கிறதா என்பதற்கு அதுவே சாட்சி. பிடுங்கும்போது நேராக வந்தால் நல்லது. கவட்டையாகப் பிளந்து வந்தால் அடியில் கல்லோ கட்டியோ இருக்கிறது.

பழைய விதையை நம்பி நிலத்தில் போடாதீர்கள். பத்து விதையை ஈரத் துணியில் மடித்து, ஒரு டப்பாவில் மூடி வைத்து, முளைக்கிற நாளில் திறந்து எண்ணுங்கள். ஏழுக்கு மேல் முளைத்திருந்தால் அப்படியே விதைக்கலாம். நான்கு ஐந்துதான் என்றால் இரண்டு மடங்கு போடுங்கள். என் நோட்டில் கீரை 4 நாள், வெண்டை 5, தக்காளி 6, கத்தரி 9, மிளகாய் 11 என்று இருக்கிறது. குளிர் காலத்தில் இன்னும் தள்ளும். மிளகாய் முளைக்கவில்லை என்று ஏழாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்து, அப்போதுதான் வெளியே வந்த வெள்ளை வேரை ஒடித்த அனுபவம் எனக்கு உண்டு. மண்ணுக்குக் கீழே பார்க்க வேண்டும் என்று இவ்வளவு சொல்கிற நான், விதை விஷயத்தில் மட்டும் பொறுத்திருங்கள் என்பேன்.

விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதை மாதிரி பொடியாக இருந்தால் காய்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டால் சரி. பாகல் மாதிரி ஓடு தடித்த விதையை ஓர் இரவு ஊறவையுங்கள். முள்ளங்கி, கேரட், பீன்ஸ், வெண்டை ஆகியவற்றுக்கு வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காது, நேராக நிலத்திலேயே விதையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டிலோ சின்னக் கிண்ணத்திலோ நாற்றாக வளர்த்து, ஐந்தாறு இலை வந்ததும் எடுத்து நடலாம். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

நாற்றங்காலில் பெரிய எதிரி ஈரம்தான். நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று தரையோடு கழுத்து நூல் மாதிரி சுருங்கிச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். ஒன்றுக்கு வந்தால் தட்டு முழுக்கப் போகும். தட்டின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். மேலே ஊற்றாமல், தட்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டு எடுங்கள். மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். நாற்று ஒல்லியாக நெட்டையாக வளைந்து போனால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், உரத்தால் அது சரியாகாது.

நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் நாற்றை வெயிலுக்குப் பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போய், ஏழாம் நாள் முழுக்க வெளியே. நடவு சாயங்காலத்தில் இருக்கட்டும். இரவு முழுக்க வேருக்கு ஓய்வு கிடைக்கும். குழியில் முதலில் தண்ணீர் விட்டு, அது இறங்கிய பிறகு நாற்றை வையுங்கள். தக்காளியை மட்டும் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடலாம். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று தட்டில் இருந்த ஆழமே போதும்.

இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ளே துணியை மடித்து விட்டுத்தான் தைப்போம். இன்றைய அளவுக்குத் தைத்தால் ஆறு மாதத்தில் போட முடியாது. நாற்றும் அப்படித்தான். தக்காளிக்கும் கத்தரிக்கும் 2 அடி, மிளகாய்க்கும் வெண்டைக்கும் ஒன்றரை அடி, முள்ளங்கிக்கு 3 அங்குலம், படர்கிற கொடிக்கு 5, 6 அடி. நட்ட அன்று பாத்தி காலியாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு மாதத்தில் முடிகிற கீரையைத் தூவிவிடுங்கள்.

தண்ணீர்

இங்கேதான் பெரும்பாலான வீட்டுத் தோட்டங்கள் கெடுகின்றன. அன்பு மிகுந்தவர்கள் தோட்டம்தான் முதலில் அழுகும்.

தினமும் காலையில் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். உள்ளே குளுமையாக, விரலில் மண் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்து உதிர்ந்தால் ஊற்றுங்கள். மேல்மண்ணின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரு மணி நேர வெயிலில் மேல்மண் வெளுத்துவிடும். தொட்டிச் செடியாக இருந்தால் தண்ணீர் விட்ட உடனே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், மறுநாளும் தூக்குங்கள். ஒரு வாரத்தில் கையே சொல்லிவிடும். தக்காளிக்கு 15, 20 லிட்டர் மண் பிடிக்கிற தொட்டியாவது வேண்டும். சின்னத் தொட்டி ஒரே வெயிலில் காய்ந்து, ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு என்றால், வாரத்துக்கு ஓர் அங்குல மழைக்குச் சமமான தண்ணீர் என்பது ஒரு தொடக்கக் கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு அது 25 லிட்டர் ஆகிறது. மணல் பாங்கான மண்ணில் இதை மூன்றாகப் பிரித்து விடுங்கள், களியில் ஒன்றிரண்டு தடவையில். வெயில் கடுமையான நாட்களில் கூடும், மழை வந்தால் குறையும். ஆனால் ஊற்றிய அளவைவிட உள்ளே இறங்கிய அளவுதான் முக்கியம். ஒருநாள் பூவாளியில் 10 லிட்டர் ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஓரமாகத் தோண்டிப் பார்த்தேன். இரண்டு விரற்கடைதான் நனைந்திருந்தது, கீழே புழுதி. அப்படி மேலோட்டமாகத் தினமும் நனைத்தால் வேரும் மேலேயே சுற்றும், ஒரு நாள் வெயிலைக்கூடத் தாங்காது. கொஞ்சம் ஊற்றி, அது இறங்கும் வரை பக்கத்துப் பாத்திக்குப் போய், திரும்பி வந்து மறுபடி ஊற்றுங்கள். ஒரு சாண் ஆழம் நனைய வேண்டும். தண்ணீர் அடியில் விழட்டும், இலைமேல் வேண்டாம். இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை நோய் வரும், அதனால் காலை நேரமே நல்லது.

நடுப்பகலில் பூசணி, வெள்ளரி மாதிரி அகல இலைக் கொடிகள் துவண்டு தொங்கும். பார்த்தால் மனம் பதறும். பதற வேண்டாம், இலை இழக்கிற வேகத்துக்கு வேரால் தண்ணீர் அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் தானாக நிமிரும். மறுநாள் விடியற்காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் குழாயைத் திறக்காமல் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் நோயோ அழுகலோ வேரில் இருக்கிறது, அதன்மேல் ஊற்றுகிற தண்ணீர் அதை மோசமாக்கும்.

மூடாக்கு போடாத பாத்தியை இப்போது என்னால் பார்க்கவே முடியவில்லை. காய்ந்த சருகோ வைக்கோலோ 2, 3 அங்குலம் பரப்பினால் ஈரம் நிற்கும், களை குறையும், மண் சுடாது. தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் மட்டும் விட்டுவிடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து போகிறதே, அதற்கு மருந்து தெளிக்காதீர்கள். அது கிருமியால் வருவதல்ல. காயின் நுனி வரை சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், அதைச் சுமந்து போகிற தண்ணீர்தான் ஒருநாள் வெள்ளமும் மூன்று நாள் வறட்சியுமாகத் தடுமாறியிருக்கும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டு ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தேன், மாறவில்லை. மூடாக்கு போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை சீராக ஊற்றத் தொடங்கிய பிறகு அடுத்த கொத்திலிருந்து காய் சுத்தமாக வந்தது. பழம் வெடிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதே தடுமாற்றம்தான்.

காலையில் பத்து நிமிடம்

இலையின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசுவினி, வெள்ளை ஈ, முட்டைக் கொத்து எல்லாம் அங்கேதான். நூறு அசுவினியை விரலால் நசுக்கிவிடலாம், தண்ணீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம். பத்தாயிரம் ஆனபின் ஒன்றும் செய்ய முடியாது. எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது, அவை கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைப் பாதுகாக்கும். முதலைக் குட்டி மாதிரி கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சிறு பூச்சி அசுவினிக் கூட்டத்துக்குள் திரிந்தால் அதைத் தொடாதீர்கள். அது பொறிவண்டின் இளம்புழு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. நான் முதல் இரண்டு வருடமும் அதைத்தான் தேடித் தேடிக் கொன்றேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கட்டாயம் தெளிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, தேனீக்கள் போன பிறகு, இலையின் அடியில் படும்படி. வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும், இலையும் கருகும். முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குத் தெளியுங்கள்.

கத்தரியின் கொழுந்து மட்டும் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. துளைக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு வெட்டி அழித்துவிடுங்கள், செடி பக்கத்தில் துளிர்க்கும். தக்காளி இலை சுருண்டு செடி குறுகிப்போவது வெள்ளை ஈ கொண்டுவருகிற வைரஸாக இருந்தால் மருந்தே கிடையாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கிவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

இலையெல்லாம் பச்சையாக இருக்கும்போதே ஒரு தக்காளியோ கத்தரியோ திடீரென்று முழுதாக வாடினால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய நுனி தண்ணீரில் படும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் இழை மாதிரி வெள்ளையாக ஒன்று இறங்கி வந்தால் அது பாக்டீரியா வாடல். அந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். செடியை வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், கத்தரிக்கோலைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம், நான்கும் ஒரே குடும்பம். நோய் வராத பாத்தியிலும் இந்தக் குடும்பத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் அதே இடத்துக்குக் கொண்டுவருகிறேன்.

செடி வாடவும் இல்லை, வளரவும் இல்லை, சும்மா நிற்கிறது என்றால் ஒன்றைத் தியாகம் செய்து பிடுங்கிப் பாருங்கள். வேரே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழ்கிற மிகச் சிறிய புழு. ஆனால் பீன்ஸ் வேரில் பக்கவாட்டில் ஒட்டிய சிறு உருண்டைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவை நகத்தால் தள்ளினால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிற பாக்டீரியாவின் வீடுகள் அவை. நூற்புழு முடிச்சு உதிராது, வேரின் சதையே அது.

பூவிலிருந்து காய்க்கு

செடி செழித்து, இலை கரும்பச்சையாக அடர்ந்து, பூ மட்டும் இல்லையென்றால் தழைச்சத்து அதிகம். உரத்தை நிறுத்துங்கள். பூ வந்து உதிர்ந்தால் வெப்பமானியைப் பாருங்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலும் இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் தக்காளிப் பூ கொட்டும். நிழல்வலை கொஞ்சம் உதவும், மற்றபடி காத்திருக்கத்தான் வேண்டும். தக்காளிப் பூ தனக்குத்தானே சூல் பிடிக்கும், காற்றில்லாத இடமாக இருந்தால் காலையில் கொத்தை விரலால் சுண்டிவிடுங்கள்.

பூசணிக் குடும்பத்தில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூவாகவே வந்து உதிரும், அது இயல்பு. பெண் பூவும் பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்ந்தால் தேனீ வரவில்லை. பூத்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் விடியற்காலையில் செய்ய வேண்டும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் பூக்கும், அவற்றுக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் போங்கள்.

தக்காளியைக் கொம்போடு கட்ட என்னிடம் பருத்தித் துணியின் ஓரத் துண்டுகள் எப்போதும் உண்டு. தண்டையும் கொம்பையும் 8 மாதிரி சுற்றிக் கட்டினால் தண்டு அறுபடாது. நைலான் கயிறு வேண்டாம்.

வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டும். ஒரு காயை முற்ற விட்டால் வேலை முடிந்தது என்று செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளரியும் பீன்ஸும் அப்படியே. பறிக்கப் பறிக்கத்தான் வரும்.

விதைக்கென்று விடுவதாக இருந்தால் பருவத்தின் கடைசியில், முதலில் காய்த்த, நோய் வராத செடி ஒன்றில் மட்டும் விடுங்கள். பீன்ஸில் தொடங்குவது எளிது. ஹைப்ரிட் என்று எழுதிய பாக்கெட்டிலிருந்து வந்த செடியாக இருக்கக் கூடாது, அதன் விதை தாயைப்போல் வராது. நெற்று செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலக்கும் வரை விட்டு, உரித்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். காய்த்து ஓய்ந்த பீன்ஸ் செடிகளைப் பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள். வேரும் அந்த உருண்டைகளும் மண்ணிலேயே மக்கட்டும். மேலே ஓர் அங்குலம் மக்கிய உரம், இரண்டு நாள் ஈரம், அப்புறம் கீரை விதை. நான்காம் நாள் முளை தெரியும். விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் பூவாளியில் தண்ணீர் காட்டுங்கள்.